எக்ஸ்பர்ட்டில் என் மொமெண்டம் எப்போதும் 10 என்றே வருகிறது. சந்தை ஏறினாலும் 10, இறங்கினாலும் 10

மின்மினி (கேள்வி)

வணக்கம். மெட்டாட்ரேடர் 5 டிரேடிங் மென்பொருளில் நானே ஒரு மொமெண்டம் இண்டிகேட்டர், அதாவது விலை நகரும் வேகத்தைக் காட்டும் கோடு, எழுதியிருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இப்போதைய க்ளோஸிலிருந்து (பார் மூடும் விலை) 10 பார் முந்தைய க்ளோஸைக் கழிக்கிறேன், அதை ஏடிஆர் 14-ஆல் (14 பாரின் சராசரி விலை வீச்சு) வகுக்கிறேன், வருவதை இஎம்ஏ 5 (புதியதற்கு அதிக எடை தரும் சராசரி) போட்டு மென்மையாக்குகிறேன். ஏடிஆரால் வகுப்பது எதற்கென்றால், விலை அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சிம்பல்களையும் ஒரே அளவில் பார்க்கலாம் என்பதற்காக. சார்ட்டில் போட்டால் கோடு நன்றாகத்தான் இருக்கிறது.

எக்ஸ்பர்ட்டில், அதாவது தானாக வாங்கி விற்கும் நிரலில்தான் இடிக்கிறது. ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் (டிக்) ஓடும் ஆன்டிக்-க்குள், சொந்த இண்டிகேட்டரைக் கூப்பிடும் ஐகஸ்டம் அழைத்து, வருவதை ஒரு டபுளில் (தசம எண் வேரியபிள்) வாங்கி பிரிண்ட் செய்கிறேன். எக்ஸ்பர்ட்ஸ் டேபில் டிக்குக்கு டிக் 10.0, 10.0, 10.0 என்று ஓடுகிறது. என் பீரியட் 10 என்பதால் அதையே திருப்பித் தருகிறதோ என்று பீரியடை 20 ஆக்கிப் பார்த்தேன். அப்போதும் 10.

இதோடு இன்னும் மூன்று சந்தேகம் இருக்கிறது, சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

டைம்ஃப்ரேமை மாற்றிவிட்டுத் திரும்ப வந்தால் கோட்டின் கடைசிப் பகுதி உருமாறி நிற்கிறது. நேற்று கண்ணெதிரே நடந்த ஒரு ஜீரோ கிராஸ் (கோடு பூஜ்யத்தைக் கடப்பது) அப்படியே காணாமல் போனது. இதுவும் ரீபெயிண்ட்தானா, அதாவது இண்டிகேட்டர் பழைய மதிப்புகளைப் பின்னால் போய் மாற்றி வரைவதா? எதிர்கால பார் எதையும் நான் தொடவில்லையே.

டிரேடிங்வியூ சார்ட் தளத்தில், அதன் நிரல்மொழியான பைன் ஸ்கிரிப்டில் இதே சூத்திரத்தை எழுதினேன். கிராஸ்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வருகின்றன, ஆனால் எண்கள் ஒத்துப்போகவில்லை. எது சரி?

கடைசியாக, ஜீரோவைக் கீழிருந்து மேலே கடந்தால் வாங்கு, மேலிருந்து கீழே வந்தால் விற்று வெளியேறு. இது ஒரு உருப்படியான விதியா?

இரவுகேண்டில்

எம்க்யூஎல்4-க்கு, அதாவது பழைய மெட்டாட்ரேடர் 4-இன் நிரல்மொழிக்கு எழுதிய உதாரணத்தைப் பார்த்து எழுதினீர்களா? அப்படியென்றால் முதல் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. ஐகஸ்டம் இரண்டிலும் ஒன்றல்ல.

இன்னொன்று. இண்டிகேட்டரில் இன்புட் எந்த வரிசையில் எழுதியிருக்கிறீர்களோ அதே வரிசையில், அதே வகையில் அனுப்ப வேண்டும். குறைவாக அனுப்பினால் மிச்சத்துக்கு டிஃபால்ட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். நீங்கள் 20 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது 10-இல் ஓடும்.

பழையகம்பைலர்

அந்த 10 மொமெண்டம் இல்லை தம்பி, டோக்கன் நம்பர். அதைக் கவுன்டரில் நீட்டினால்தான் சரக்கு கைக்கு வரும்.

மெட்டாட்ரேடர் 4-இல் ஐகஸ்டம் கடைசி இரண்டு இடங்களில் பஃபர் (இண்டிகேட்டரின் மதிப்புகள் இருக்கும் வரிசை) எண்ணையும் எத்தனை பார் பின்னால் என்பதையும் வாங்கிக்கொண்டு, மதிப்பையே நேராகக் கையில் கொடுக்கும். 5-இல் அது ஹேண்டிலை, அதாவது இண்டிகேட்டரைக் குறிக்கும் அடையாள எண்ணை மட்டும்தான் கொடுக்கும். ஹேண்டில் எண்கள் பொதுவாக 10-இல் தொடங்கும். ஒரே இன்புட்களோடு மறுபடி மறுபடி கேட்டால் புதிதாக ஒன்றை உண்டாக்காமல் பழைய ஹேண்டிலையே திருப்பித் தரும். அதனால்தான் ஒவ்வொரு டிக்கிலும் அதே 10. பீரியடை 20 ஆக்கி எக்ஸ்பர்ட்டைத் திரும்ப ஏற்றினீர்கள், அங்கேயும் முதல் ஹேண்டில், மறுபடி 10. உங்கள் பீரியடும் 10 ஆக அமைந்தது கெட்ட நேரம். வேறு எண்ணாக இருந்திருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும்.

ஐகஸ்டம் அழைப்பை ஆன்டிக்-இலிருந்து பிடுங்கி, தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் ஆன்இனிட்-க்குக் கொண்டுபோங்கள். ஹேண்டிலை ஒரு குளோபல் இன்ட்-இல் வையுங்கள், டபுளில் அல்ல. இன்வேலிட்_ஹேண்டில் வந்தால், அதாவது மைனஸ் 1 வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்போது பிழை எண் 4802 என்றிருந்தால் இண்டிகேட்டரையே உருவாக்க முடியவில்லை என்று பொருள். முக்கால்வாசி நேரம் பெயரிலோ பாதையிலோ கோளாறு இருக்கும். பாதை இண்டிகேட்டர்ஸ் ஃபோல்டரிலிருந்து எண்ணப்படுகிறது. உள்ஃபோல்டரில் வைத்திருந்தால் அதன் பெயரும் வேண்டும், பின்சாய்வுக் கோட்டை இரண்டு முறை போட வேண்டும். ஆன்டிக்-இல், ஹேண்டிலைக் கொடுத்து மதிப்புகளை எடுக்கும் காப்பிபஃபர் மட்டும் போதும். முடிக்கும்போது ஆன்டிஇனிட்-இல் இண்டிகேட்டர்ரிலீஸ்.

காப்பிபஃபர் எத்தனை மதிப்பைக் கொண்டுவந்தது என்று திருப்பிச் சொல்லும். அந்த எண்ணைப் பார்க்காமல் அர்ரேயைத் தொடாதீர்கள். ஏற்றிய உடனே முதல் சில டிக்குகளில் இண்டிகேட்டர் இன்னும் கணக்கை முடித்திருக்காது. மைனஸ் 1 வரும், பிழை 4806 வரும். பதறத் தேவையில்லை, அந்த டிக்கை விட்டுவிட்டு அடுத்ததில் கேளுங்கள்.

எண்கள் வேறுபடும் விஷயம். இரண்டும் சரி. இரண்டும் வேறு. மெட்டாட்ரேடரின் ஏடிஆர், ட்ரூ ரேஞ்சுகளை (ஒவ்வொரு பாரிலும் விலை நகர்ந்த வீச்சு) கூட்டி 14-ஆல் வகுக்கும் சாதாரண சராசரி. பைனின் ஏடிஆர், ஏடிஆரை உருவாக்கிய வைல்டர் 1978-இல் சொன்ன முறையில், பழைய மதிப்பில் 14-இல் 13 பங்கை வைத்துக்கொண்டு புதியதில் ஒரு பங்கைச் சேர்க்கிறது. பெயர் ஒன்று, பீரியட் ஒன்று, உள்ளே ஓடும் கணக்கு வேறு. வைல்டர் முறைக்குப் பழசை மறக்க நேரமும் அதிகம். தொடங்கிய மதிப்பின் எடை 20 பார் கழித்தும் சுமார் 23 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கும். சுமார் 94 பார் ஆனால்தான் 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் ஏதோ ஒரு பக்கத்தில் ஏடிஆரைக் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மொமெண்டம் என்ற பெயரிலேயே இதே கூத்து உண்டு. மெட்டாட்ரேடரோடு வரும் மொமெண்டம், க்ளோஸை 14 பார் முந்தைய க்ளோஸால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. அதன் நடுக்கோடு 100. டிரேடிங்வியூவில் வருவது 10 பார் வித்தியாசம். அதன் நடுக்கோடு 0. மெட்டாட்ரேடர் மொமெண்டத்தில் ஜீரோ கிராஸுக்குக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். விலையே பூஜ்யமானால்தான் அது நடக்கும்.

கோடு உருமாறுவதற்கு உங்கள் லூப்பைப் பார்க்க வேண்டும். இஎம்ஏ-வின் முந்தைய மதிப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள், பஃபரிலா தனி வேரியபிளிலா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மின்மினி

ரொம்ப நன்றி அண்ணா. ஆன்இனிட்-க்கு மாற்றிவிட்டேன், 10 ஒழிந்தது. இப்போது 1.797 என்று தொடங்கி அடுக்குக்குறி 308 என்று முடியும் ஒரு ராட்சத எண் வருகிறது!

காப்பிபஃபரில் தொடக்கம் 0, எண்ணிக்கை பார்ஸ் என்று கொடுத்து முழுவதையும் எடுத்துக்கொண்டு, அர்ரேயின் 0-ஆவது இடத்தைப் படிக்கிறேன். 0 என்றால் நடப்பு பார்தானே?

இஎம்ஏ-வைப் பொறுத்தவரை, முந்தைய மதிப்பு என்று ஒரு குளோபல் வேரியபிள் வைத்திருக்கிறேன். லூப்பில் ஒவ்வொரு பாருக்கும் அதைப் புதுப்பிக்கிறேன். லூப் ப்ரிவ்_கால்குலேட்டட் (முன்பே கணக்கிட்ட பார்களின் எண்ணிக்கை) மைனஸ் 1-இலிருந்து தொடங்குகிறது, மேனுவலில் இருக்கிற மாதிரியேதான்.

பழையகம்பைலர்

நினைத்தது சரி. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த ராட்சத எண் டபுள் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண். மெட்டாட்ரேடர் 5-இல் எம்ப்டி_வேல்யூ என்பது அதுதான். முதல் பார்களுக்குக் கணக்கிட ஒன்றும் இல்லாததால் நீங்களே எம்ப்டி_வேல்யூ எழுதியிருப்பீர்கள், அது நல்ல பழக்கம். எழுதாமல் விட்டால் பஃபரில் என்ன குப்பை கிடக்கிறதோ அதுவே மதிப்பாக நிற்கும். காப்பிபஃபருக்கு நீங்கள் கொடுக்கும் தொடக்கம் 0 நடப்பு பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எடுத்து வைக்கும் அர்ரேயில் 0-ஆவது இடம், கொண்டுவந்ததிலேயே மிகப் பழைய பார். நீங்கள் வரலாறு முழுவதையும் இழுத்து அதன் முதல் பாரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆதியில் அங்கே மொமெண்டம் ஏது?

அர்ரேசெட்ஆஸ்சீரிஸ் போட்டுத் திசையைத் திருப்புங்கள். அதோடு எண்ணிக்கை 3 போதும். ஒவ்வொரு டிக்குக்கும் மொத்த வரலாற்றை இழுப்பது வீண் வேலை. நடப்பு பார் 0, மூடிய பார் 1, அதற்கு முந்தையது 2. கிராஸ் பார்ப்பது 2-க்கும் 1-க்கும் நடுவில் மட்டும். 0-ஐப் பார்த்து முடிவெடுத்தால் ஒரே பாரில் ஐந்து தடவை கடந்து ஐந்து தடவை திரும்பும்.

இப்போது உருமாறும் கோடு. இது எதிர்காலத்தைப் பார்த்து வரும் ரீபெயிண்ட் இல்லை, வேறு ஜாதி.

லூப்பை மைனஸ் 1-இலிருந்து தொடங்குவது ஏன்? நடப்பு பாரின் க்ளோஸ் ஒவ்வொரு டிக்கிலும் மாறுகிறது, அதனால் அந்த ஒரு பாரை ஒவ்வொரு டிக்கிலும் திரும்பக் கணக்கிட வேண்டும். அதுவரை சரி. ஆனால் உங்கள் முந்தைய மதிப்பு குளோபல் வேரியபிளில் இருக்கிறது. முதல் டிக்கில் அது போன பாரின் இஎம்ஏ. இரண்டாவது டிக் வரும்போது அது முதல் டிக்கின் இஎம்ஏ. மூன்றாவதில் இரண்டாவது டிக்கினுடையது. இஎம்ஏ 5-இன் கெழு மூன்றில் ஒன்று, ஆகவே பத்து டிக் போதும், மென்மையாக்கல் என்பது கரைந்து காணாமல் போகும். நேரலையில் நீங்கள் பார்ப்பது ஐந்து பார் சராசரி அல்ல, கடைசி ஐந்து டிக்கின் சராசரி மாதிரி ஒன்று. டைம்ஃப்ரேம் மாற்றித் திரும்பும்போது ப்ரிவ்_கால்குலேட்டட் பூஜ்யமாகி, ஒரு பாருக்கு ஒரு முறை என்று முழுவதும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அப்போது வருவதுதான் உண்மையான கோடு. காணாமல் போன கிராஸ், டிக் சத்தத்தில் பிறந்தது.

தீர்வு ஒரே வரி. குளோபலைத் தூக்கிவிட்டு, ஐ-ஆவது பாருக்கான முந்தைய மதிப்பைப் பஃபரின் ஐ மைனஸ் 1-ஆவது இடத்திலிருந்து எடுங்கள். அந்த பார் மூடிவிட்டது, அதை எத்தனை தடவை படித்தாலும் அதே எண்தான். தொடக்கத்தில், முதன்முதலாகக் கணக்கு வரும் பாரில் மட்டும் மென்மையாக்காத மதிப்பையே நேராக எழுதுங்கள். இல்லாவிட்டால் எம்ப்டி_வேல்யூவை இஎம்ஏ-வுக்குள் இழுத்துவிடுவீர்கள், அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்களுக்கு அந்த ராட்சதன் வெளியே போகமாட்டான்.

உள்ளே ஏடிஆர் ஹேண்டிலை அழைக்கிறீர்கள் அல்லவா, அங்கேயும் பார்ஸ்கால்குலேட்டட் போட்டுப் பாருங்கள். ஏடிஆர் இன்னும் முழுவதும் தயாராகவில்லை என்றால் ஆன்கால்குலேட்-இலிருந்து 0 திருப்பி வெளியே வந்துவிடுங்கள். அடுத்த டிக்கில் முதலிலிருந்து கணக்கிடும். அரைகுறையாகக் கணக்கிட்டு முழு எண்ணிக்கையைத் திருப்பினால் அந்த ஓட்டை அப்படியே நிரந்தரமாக நிற்கும்.

சரி பார்த்ததற்கு அடையாளம் கோடு அழகாக இருப்பது அல்ல. கன்ட்ரோல்+டி அழுத்தி டேட்டா விண்டோவைத் திறந்து, மூடிய மூன்று நான்கு பார்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பர்ட் பிரிண்ட் செய்வதோடு கடைசி தசமம் வரை ஒத்துப்போக வேண்டும். பிறகு டைம்ஃப்ரேம் மாற்றித் திரும்பி வந்து மறுபடி பாருங்கள். ஒரு தசமம் நகர்ந்தாலும் வேலை முடியவில்லை.

மின்மினி

இதனால்தானா பேக்டெஸ்டில் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தபோது) ஒரு மாதிரியும் நேரலையில் வேறு மாதிரியும் வந்தது? டெஸ்டரில் ஓப்பன் பிரைசஸ் ஒன்லி மோடில்தான் ஓட்டினேன், வேகமாக முடியும் என்று.

பழையகம்பைலர்

ஆமாம். அந்த மோடில் ஒரு பாருக்கு ஒரே ஒரு அழைப்பு, பார் திறக்கும்போது. அப்போது லூப் இரண்டு பாரைத் தொடும், இப்போது மூடியது ஒன்று, புதிதாகத் திறந்தது ஒன்று. ஆக ஒவ்வொரு பாரும் திறக்கும்போது ஒரு முறை, மூடிய பின் ஒரு முறை என இரண்டு முறைதான் அந்தக் குளோபலுக்குள் போனது. நேரலையில் நூற்றுக்கணக்கில். எவ்ரி டிக் மோடில் ஓட்டியிருந்தால் முன்பே பல்லைக் காட்டியிருக்கும்.

திருத்தியபின் மூடிய பாரை மட்டும் பார்க்கிற விதிக்கு ஓப்பன் பிரைசஸ் மோடே போதும். ஆனால் இரண்டு மோடிலும் ஓட்டி, நுழைவு நேரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இண்டிகேட்டர் பெயரை ஐகஸ்டமுக்குள் நேராக மேற்கோளில் எழுதினால் டெஸ்டர் தானே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். வேரியபிளில் வைத்து அனுப்பினால் கண்டுபிடிக்காது. கோப்பின் மேலே டெஸ்டர்_இண்டிகேட்டர் என்ற ப்ராபர்ட்டியைச் சேர்க்க வேண்டும்.

ஜீரோலைன்

நிரலைப் பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஜீரோ கிராஸில் வாங்குவதைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே?

10 பார் மொமெண்டம் இரண்டே இரண்டு விலைகளை மட்டும் பார்க்கிறது. நடுவில் இருக்கும் ஒன்பது பாரில் பூகம்பமே வந்தாலும் அதற்குத் தெரியாது. ஓர் உதாரணம். இப்போது க்ளோஸ் 204, 10 பார் முன்பு 200. வித்தியாசம் +4. அடுத்த பாரும் 204-இலேயே மூடுகிறது. ஆனால் இப்போது 10 பார் முன்பு என்பது வேறு பார். அன்று ஒரு துள்ளு துள்ளி 212-இல் மூடியிருந்தது. வித்தியாசம் −8. விலை அசையவே இல்லை, இண்டிகேட்டர் +4-இலிருந்து −8-க்கு விழுந்து ஜீரோவைக் கடந்துவிட்டது. ஏடிஆரால் வகுப்பதால் குறி மாறாது. உங்கள் இஎம்ஏ 5 அதைத் தடுக்குமா? மென்மையான கோடும் +4-இல் இருந்தது என்று வைத்தால், அந்த பாரில் சரியாக 0-க்கு வரும். வித்தியாசம் −8-இலேயே நின்றால் அடுத்த பாரில் −2.67. விற்கச் சொல்வதை ஒரு பார் தாமதமாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் துஷார் சாண்டே உருவாக்கிய சாண்டே மொமெண்டம் ஆசிலேட்டர் என்ற சிஎம்ஓ-வுக்கு மாறிவிட்டேன். அது நடுவில் உள்ள எல்லா பாரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியே கூட்டுகிறது, எதையும் தாண்டிக் குதிப்பதில்லை. மைனஸ் 100-க்கும் பிளஸ் 100-க்கும் நடுவிலேயே நிற்பதால் ஏடிஆரும் தேவையில்லை.

பழையகம்பைலர்

உதாரணம் அருமை. சிஎம்ஓ-வுக்கு மாறியதில்தான் உடன்பாடு இல்லை.

ஏற்றங்களின் கூட்டல் ஒன்று, இறக்கங்களின் கூட்டல் ஒன்று. முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் என்ன வரும்? நடுவில் உள்ளது எல்லாம் அடிபட்டுப்போய், கடைசி க்ளோஸ் கழித்தல் முதல் க்ளோஸ். அதாவது நம்ம பழைய மொமெண்டமேதான். சிஎம்ஓ-வில் மேலே இருப்பது அது. கீழே வகுப்பதுதான் வேறு. வகுப்பது எப்போதும் நேர் எண் என்பதால் சிஎம்ஓ 10-உம் மொமெண்டம் 10-உம் ஜீரோவைக் கடப்பது அதே பாரில்தான். உங்கள் 204, 212 கதை அங்கேயும் அப்படியே நடக்கும். ஒரே சார்ட்டில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஆர்எஸ்ஐ என்று 0 முதல் 100 வரை ஓடும் இன்னொரு இண்டிகேட்டர் உண்டு. சாதாரண சராசரி வைத்துக் கணக்கிட்ட ஆர்எஸ்ஐ-யை இரண்டால் பெருக்கி 100-ஐக் கழித்தாலும் சிஎம்ஓ வந்துவிடும். சிஎம்ஓ +50 என்பது அந்த ஆர்எஸ்ஐ-யில் 75. வைல்டர் சராசரி போட்ட ஆர்எஸ்ஐ-யோடு மட்டும் இது துல்லியமாகப் பொருந்தாது. ஆக ஒரு சார்ட்டில் மொமெண்டம், சிஎம்ஓ, ஆர்எஸ்ஐ மூன்றும் போட்டு, மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன, பலமான சிக்னல் என்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். ஒரே சாட்சியை மூன்று சட்டையில் அழைத்துவந்திருக்கிறார்கள்.

மின்மினிக்கு ஒரு வேலை. சார்ட்டில் மூவிங் ஆவரேஜ் ஒன்று போடுங்கள், பீரியட் 1, ஷிஃப்ட் 10. அது வேறொன்றுமில்லை, 10 பார் முந்தைய க்ளோஸ்தான், வலப்பக்கம் நகர்த்தி வைத்தது. விலை அந்தக் கோட்டைக் கடக்கும் இடமெல்லாம் மென்மையாக்காத மொமெண்டத்தின் ஜீரோ கிராஸ். இப்போது ஒவ்வொரு கிராஸிலும் பாருங்கள், விலை நடந்துபோய்க் கோட்டைத் தாண்டியதா, இல்லை கோடு வந்து விலையை இடித்ததா? இரண்டாவது வகைதான் ஜீரோலைன் சொன்னது. அந்தக் கோடு வலப்பக்கம் 10 பார் தூரம் முன்கூட்டியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பழைய துள்ளல் எந்த பாரில் வந்து இடிக்கப்போகிறது என்று இப்போதே தெரிந்துவிடும்.

ஜீரோலைன்

போட்டுப் பார்த்தேன். ஆமாம், ஒரே பாரில்தான் கடக்கின்றன. ஆனாலும் +50, −50 எல்லையைத் தாண்டுவது இரண்டிலும் வேறு வேறு இடத்தில் வருகிறது, எனக்கு அது பயன்படுகிறது. அதை விடமாட்டேன் :)

பழையகம்பைலர்

அது நியாயம். வகுப்பதுதான் அங்கே வேலை செய்கிறது.

தூரப்புள்ளி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எழுதவில்லை, காசு கொடுத்து வாங்கியது. மொமெண்டம் அடிப்படை என்று சொல்லித்தான் விற்றார்கள். அம்புக்குறி எல்லாம் உச்சியிலும் அடியிலும் மிகச் சரியாக நிற்கிறது. மூலநிரல் தரவில்லை, கம்பைல் செய்த இஎக்ஸ்5 கோப்பு மட்டும்தான். இது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?

இரவுகேண்டில்

டெஸ்டரில் விஷுவல் மோடில் மெதுவாக ஓட்டுங்கள். அம்பு எந்த பாரில் முதன்முதலாகத் தோன்றுகிறது, பிறகு இடம் மாறுகிறதா, அழிகிறதா என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். சரியான உச்சியில் நிற்கும் அம்பு, உச்சி கடந்து சில பார் ஆனபின் பின்னால் போய் வரையப்பட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எண்ணாகவே வேண்டுமென்றால், பஃபரின் 1-ஆவது பார் மதிப்பை ஒவ்வொரு புதிய பாரிலும் ஒரு கோப்பில் எழுதும் சின்ன எக்ஸ்பர்ட் போதும். முடிந்தபின் சார்ட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அந்த அம்புகளை வைத்து எடுத்த பேக்டெஸ்ட் எதையும் நம்ப வேண்டாம்.

மின்மினி

குளோபலை எடுத்துவிட்டேன். டேட்டா விண்டோவும் பிரிண்ட்டும் ஒத்துப்போகின்றன, டைம்ஃப்ரேம் மாற்றினாலும் அசையவில்லை. பைன் பக்கத்தில் ட்ரூ ரேஞ்சுக்குச் சாதாரண சராசரி போட்டேன், சிறு தசம வித்தியாசம் தவிர எண்களும் நெருங்கிவிட்டன.

ஷிஃப்ட் 10 கோட்டையும் போட்டுப் பார்த்தேன். என் கிராஸ்களில் நிறைய கோடு வந்து இடித்தவைதான். இப்போது விதியில் ஒரு நிபந்தனை சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கிராஸ் ஆகும் பாரில் க்ளோஸ் முந்தைய க்ளோஸைவிட அதே திசையில் குறைந்தது ஏடிஆரில் கால் பங்காவது நகர்ந்திருக்க வேண்டும். இஎம்ஏ ஒரு பார் தாமதம் செய்வதால் இந்த நிபந்தனையை எந்த பாரில் வைப்பது என்று யோசனையாக இருக்கிறது.

பழையகம்பைலர்

இஎம்ஏ-வை எடுத்துவிட்டு முதலில் ஓட்டுங்கள். நிபந்தனையே சத்தத்தை வடிகட்டுகிறது என்றால் அது எதற்கு? கால் பங்கு என்பதை இப்போதே அரை, முக்கால் என்று மாற்றிப் பார்க்கத் தொடங்காதீர்கள். வரலாற்றில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற பாதியில் மட்டும் அந்த விளையாட்டு.